பொம்மைகளால் நிறுத்த முடியாத போர்

1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு 12,739 பொம்மைகள் கப்பலில் போய் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்போர்ட், ஒரு பயணச்சீட்டு, கூடவே அனுப்பிய குழந்தைகளின் கடிதம். ஜப்பானில் மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் சிட்னி குலிக், ஜப்பானில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய ஒரு பாதிரியார். ஜப்பானியப் பள்ளிகள் பாட்டும் வரவேற்புமாகப் பொம்மைகளை ஏற்றுக்கொண்டன. அந்த நாட்டுக் குழந்தைகள் சில்லறை சேர்த்தார்கள். தேர்ந்த கைவினைஞர்கள் செய்த 58 பெரிய பொம்மைகள் பதில் மரியாதையாக அமெரிக்கா போயின.

1941 டிசம்பரில் இரண்டு நாடுகளும் போரில் இறங்கின. அப்புறம் அந்த நீலக்கண் பொம்மைகள் எதிரி நாட்டுப் பொம்மைகள் ஆகிவிட்டன. பல பள்ளிகளில் அவற்றை எரித்தார்கள். சில இடங்களில் மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை முந்நூறு சொச்சம்தான். அவற்றில் பல, யாரோ ஓர் ஆசிரியர் துணிந்து ஒளித்துவைத்ததால் தப்பியவை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லி நெகிழ்ந்து முடித்துவிடுவார்கள். எனக்கும் நெகிழ்ச்சிதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது கதையின் முன்பகுதி. 1924இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. ஜப்பானியர்கள் அங்கே குடியேறும் வாசலை அது அடைத்துவிட்டது. குலிக் அந்த மாதிரிச் சட்டங்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் பேசியவர், எழுதியவர், தோற்றவர். பெரியவர்களிடம் தோற்ற பிறகுதான் குழந்தைகளிடம் போனார். 58 ஜப்பானியப் பொம்மைகளை மேளதாளத்தோடு வரவேற்ற நாட்டில், அந்தப் பொம்மைகளைச் செய்த மனிதர் குடியேற முடியாது! அந்தத் தடை நீங்க 1952 வரை, ஒரு பெரும்போர் முடியும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

உலக அமைதி பற்றிப் பேசும்போது கல்வி, தர்மம், பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ளுதல் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். மூன்றும் நல்லவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யாருக்கும் சந்தேகம் இல்லாததால்தான் யாரும் அவற்றைச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. புறா படம் வரைந்து, பல நாட்டு உடை அணிந்து, ஒரு மேடையில் கைகோத்து நின்றால் அமைதிக்கான நம் பங்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்த மேடையை நான் கேலி செய்யவில்லை. குழந்தைகளுக்கு அது சந்தோஷமான நாள். ஆனால் இந்த மூன்றுமே இதமாக இருக்கும் வரை பெரிதாக வேலை செய்வதில்லை, நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்தத் தொடங்கும் இடத்தில்தான் வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்.

கல்வியிலிருந்தே தொடங்குகிறேன். படித்தால் வெறுப்பு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. ருவாண்டாவைப் படித்த பிறகு எனக்கு அது போய்விட்டது. பெல்ஜிய ஆட்சி 1930களில் மக்களின் அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்ஸி என்று அவரவர் இனத்தை எழுதிவைத்தது. விடுதலைக்குப் பின்னும் அந்த அட்டை தொடர்ந்தது. வகுப்பறையில் ஆசிரியர், ஹூட்டுக்கள் எழுந்திருங்கள், டுட்ஸிகள் எழுந்திருங்கள் என்று சொல்லித் தலை எண்ணுவார். தான் யார் என்று தெரியாத பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். டுட்ஸிகள் வெளியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்கள் என்று வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுத்தது. மேல்நிலைப் பள்ளிகளில் யாருக்கு எத்தனை இடம் என்பதிலும் இனக் கணக்கு இருந்தது. 1994இல் சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை, பெரும்பாலும் டுட்ஸிகள், கொல்லப்பட்டபோது, அதை நடத்தியவர்களில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் பாதிரியார்களும் இருந்தார்கள். அது பள்ளிக்கூடம் இல்லாததால் வந்த படுகொலை அல்ல, பள்ளிக்கூடமும் சேர்ந்து தயாரித்த படுகொலை. அதன் பிறகு பல ஆண்டுகள் ருவாண்டாவில் வரலாற்றுப் பாடத்தையே நிறுத்திவைத்தார்கள். எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்கே பிடிபடவில்லை.

ஆக, பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் அமைதிக் கல்வி ஆகாது. உள்ளே என்ன பாடம் நடக்கிறது, யார் யாரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்ற இரண்டும்தான் விஷயம்.

பாடம் என்றதும் நான் எப்போதும் திரும்பிப் போவது பிரான்ஸ், ஜெர்மனி கதைக்கு. 1870, 1914, 1939 என்று மூன்று பெரும்போர்கள், எல்லாம் ஒரு மனித ஆயுளுக்குள். இரு நாட்டுப் பாடப்புத்தகங்களும் அடுத்த போருக்கான ஆட்களைத் தயாரித்துக்கொண்டே இருந்தன. 1935இலேயே இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து, பாடப்புத்தகங்களில் எதை எப்படி மாற்றலாம் என்று பேசி ஒரு பட்டியல் போட்டார்கள். ஹிட்லரின் ஜெர்மனியில் அந்தப் பட்டியல் எங்கே போய் நிற்கும்? 1951இல் அதே வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள். இந்த முறை அது நின்றது. நல்லெண்ணம் இரண்டு முறையும் இருந்தது. அரசுகளின் ஆதரவு இரண்டாவது முறைதான் கிடைத்தது.

1951இல் இன்னொன்றும் நடந்தது. இரண்டு நாடுகளும் வேறு நான்கு நாடுகளோடு சேர்ந்து தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஒப்பந்தம் போட்டன. பீரங்கி செய்யத் தேவையான பொருட்கள் ஒரு நாட்டின் கையில் மட்டும் இல்லாமல் போயின. 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனவரும் எலிசே ஒப்பந்தம் என்ற நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இரு அரசுகளும் பணம் போட்டு ஓர் இளைஞர் அலுவலகம் தொடங்கின. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் போய், அடுத்த நாட்டில் தங்கி, படித்து, விளையாடித் திரும்பியிருக்கிறார்கள். குலிக்கின் பொம்மைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே பொம்மைகள் போகவில்லை, ஆட்களே போனார்கள். ஒரு முறையோடு நிற்கவில்லை, அறுபது ஆண்டுகளாக வருடந்தோறும் போகிறார்கள். சட்டமும் வரவுசெலவுத் திட்டமும் அவர்களோடு சேர்ந்து நடந்தன.

அந்த ஒப்பந்தத்தின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு, 2003இல், இரு நாட்டு மாணவர்களும் ஒரு மாதிரி நாடாளுமன்றம் கூட்டினார்கள். இரண்டு நாடுகளுக்கும் ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டது அவர்கள்தான். முதல் தொகுதி 2006இல் வந்தது. அடுத்தது 2008, மூன்றாவது 2011. பிரெஞ்சு, ஜெர்மன் இரண்டிலும் அதே பக்கங்கள், அதே படங்கள். எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், இரண்டாம் உலகப்போரைவிட அதற்குப் பிந்தைய காலத்தில்தான் ஆசிரியர் குழுவுக்குள் இழுபறி இருந்தது. அமெரிக்காவின் பங்கை எப்படி எழுதுவது, கம்யூனிசத்தை எப்படி எழுதுவது என்று இரு தரப்புக்கும் வேறு வேறு பார்வைகள். அதை மூடி மறைக்காமல், இரு நாட்டுப் பார்வைகளையும் எதிரெதிரே வைக்கும் பகுதிகளைப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். புத்தகம் எல்லாப் பள்ளிகளிலும் புகுந்துவிட்டதா என்றால் இல்லை. பெரும்பாலும் இருமொழி வகுப்புகளோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அது ஒரு சாதனை என்றே சொல்வேன். பழைய எதிரியோடு உட்கார்ந்து ஒரு பத்தியை ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது, குடும்பச் சொத்துத் தகராறில் ஒரு பக்கம் சமாதான ஓலை எழுதிப் பார்த்தவர்களுக்கே புரியும்.

போர் முடிந்து, அரசுகள் கைகுலுக்கிய பிறகு எழுதப்பட்டது அந்தப் புத்தகம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதினால்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. பாலஸ்தீனரான சாமி அத்வானும் இஸ்ரேலியரான டான் பார்-ஓனும் இரு தரப்புப் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்து 2000களில் ஒரு பாடநூல் உருவாக்கினார்கள். ஒரு பக்கத்தின் ஓர் ஓரத்தில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு ஓரத்தில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. இரண்டையும் கலந்து ஒன்றாக்கவில்லை. நடுவில் வெறும் வெள்ளை இடம், மாணவர் தான் நினைப்பதை எழுதிக்கொள்ள. 2010இல் இஸ்ரேலின் கல்வி அமைச்சகம் ஒரு பள்ளியில் இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தியது. பாலஸ்தீனத் தரப்பிலும் அது பாடத்திட்டத்துக்குள் நிலைக்கவில்லை. அதற்குப் பின் அந்த மண்ணில் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான் அதில் பார்ப்பது வேறொன்று. ஒரு பாடநூல் யாருக்கும் உறைக்காது என்றால் அதைத் தடுக்க எந்த அமைச்சகமும் மெனக்கெடாது. பொம்மைத் திருவிழாவை யாரும் தடை செய்யவில்லையே.

யாரோடு உட்கார்ந்து படிப்பது என்ற கேள்விக்கு போஸ்னியா ஒரு கசப்பான பாடம். 1995இல் போர் நின்ற பிறகு, அகதிகளாகப் போனவர்கள் ஊர் திரும்ப ஏதுவாக ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். ஒரே பள்ளிக் கட்டடம். முஸ்லிம்களான போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், கத்தோலிக்கர்களான குரோட் பிள்ளைகளுக்கு வேறு பாடத்திட்டம். சில இடங்களில் வாசல்கூட வேறு. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் முளைத்தன. தற்காலிகம் என்று சொன்னது ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கிறது. போரைப் பார்க்காத பிள்ளைகள் போரின் எல்லைக்கோட்டை ஒவ்வோர் இடைவேளை மணிக்கும் கற்றுக்கொள்கிறார்கள்.

யாய்ட்சே என்ற சிறு நகரத்தில் 2016இல் இதே மாதிரி பிரிக்கத் திட்டமிட்டபோது, எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள்தான். இரண்டு சமூகங்களையும் சேர்ந்த பதின்வயதுப் பிள்ளைகள். அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் அவர்களுக்கு, சிறுபான்மையினர் நலனுக்கு உழைப்பவர்களுக்குத் தரும் மேக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது. வட அயர்லாந்தில் 1981இல் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பெற்றோர் சிலர் சேர்ந்து 28 மாணவர்களோடு லகன் கல்லூரி என்ற கலப்புப் பள்ளியைத் தொடங்கியதும் இதே வகைப் பிடிவாதம்தான். அங்கே இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூடக் கலப்புப் பள்ளியில் படிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிற பண்பாட்டினரோடு சேர்ந்து பழகினால் வெறுப்பு குறையுமா? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்: குறையும், ஆனால் சும்மா பழகினால் போதாது. இரு தரப்புக்கும் சம அந்தஸ்து இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். எசமானும் வேலையாளும் தினமும்தான் பழகுகிறார்கள். அதனால் சமத்துவம் வந்துவிடவில்லை. 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், ஆல்போர்ட் சொன்ன சூழல் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்றும் எழுதினார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. சல்மா மூசா என்ற ஆய்வாளர், ஐஎஸ் இயக்கத்தால் விரட்டப்பட்டு அலைந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களுக்குக் கால்பந்துப் போட்டிகள் நடத்தினார். சில அணிகளில் எல்லாரும் கிறிஸ்தவர்கள். சில அணிகளில் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்தார். யார் எந்த அணி என்பது குலுக்கல் முறை. கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள் அடுத்த பருவத்துக்கும் கலப்பு அணியில் பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள், சிறந்த நடத்தைக்கான பரிசுக்கு வேறு அணி முஸ்லிம் வீரரின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, மொசூலில் ஓர் உணவகத்துக்குப் போவீர்களா என்று சோதித்தபோது பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தெரிந்த முஸ்லிம் நண்பன் ஆகிவிட்டான். தெரியாத முஸ்லிம் இன்னும் அச்சம்தான். இந்த முடிவைச் சிலர் தோல்வி என்கிறார்கள். ஊரை விட்டு ஓடி வந்த ஒருவர் அணித் தோழரை நம்புகிறார், தெருவை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? தெருவைப் பத்திரமாக்குவது அரசின் வேலை, அதைக் கால்பந்தின் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது தர்மம். இதில் ஒரு நல்ல கதையும் இரண்டு சிக்கலான கதைகளும்.

நல்ல கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1830களில் அமெரிக்காவின் சோக்தா பழங்குடியினரைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1847இல் அயர்லாந்தில் கொடும் பஞ்சம் என்று கேள்விப்பட்டு அந்த மக்கள் 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். 2020இல் கொரோனா நவஹோ, ஹோபி பழங்குடியினரை வாட்டியபோது, அந்தப் பழைய உதவியை நினைத்து அயர்லாந்துக்காரர்கள் அவர்களுக்கு நிதி அனுப்பினார்கள். கொடுத்தவர் மேலே, வாங்கியவர் கீழே என்ற படிநிலை இதில் இல்லை. பட்ட அடி தெரிந்தவர்கள், அடி படுகிறவர்களுக்குக் கொடுத்தது. தர்மம் உறவாக மாறியது அதனால்தான் என்று தோன்றுகிறது.

சிக்கலான கதை ஒன்று: 1994இல் ருவாண்டாவிலிருந்து தப்பி ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கோமா பகுதிக்கு லட்சக்கணக்கானோர் போனார்கள். உலகமே உணவும் மருந்தும் கூடாரமும் அனுப்பியது. ஆனால் முகாம்களைக் கையில் வைத்திருந்தவர்கள் படுகொலையை நடத்திய அதே தலைவர்கள். உதவிப் பொருட்களை அவர்கள் வழியாகவே பங்கிட வேண்டியிருந்தது. அதை வைத்தே அவர்கள் படையை மறுபடி திரட்டினார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த நவம்பரிலேயே வெளியேறியது. நோயாளிகளை விட்டுவிட்டுப் போவது சரியா என்று அன்று நடந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இருந்தவர்களையும் என்னால் தப்பென்று சொல்ல முடியாது, போனவர்களையும் சொல்ல முடியாது.

இரண்டாவது, நம் எல்லோருக்கும் நினைவில் இருப்பது. 2004 டிசம்பர் 26. ஒரே அலை, உள்நாட்டுப் போர் நடந்த இரண்டு நிலங்களில் மோதியது: இந்தோனேசியாவின் அச்சே, இலங்கை. இரண்டு இடங்களுக்கும் உலகம் வாரிக் கொடுத்தது. அச்சேயில் எட்டு மாதத்துக்குள், 2005 ஆகஸ்ட் 15 அன்று, ஹெல்சின்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறக்குறைய முப்பது ஆண்டு மோதல் முடிந்தது. இலங்கையில் நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் ஓர் உடன்பாடு போட்டார்கள். ஆளும் கூட்டணியிலிருந்து ஒரு கட்சி அதை எதிர்த்து வெளியேறியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த அமைப்பு இயங்கவே இல்லை. அப்புறம் போர் மறுபடி மூண்டதும், 2009இல் அது எப்படி முடிந்தது என்பதும் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அச்சேயில் பேரழிவு மனதை மாற்றியது என்று சொல்வது அழகாக இருக்கும். ஆனால் அங்கே பேச்சுவார்த்தைக்கான ஏற்பாடுகள் அலை வருவதற்கு முன்பே ரகசியமாகத் தொடங்கிவிட்டிருந்தன, போராளிகளும் களைத்திருந்தார்கள், ஜகார்த்தாவிலும் பேசத் தயாரான ஓர் ஆட்சி இருந்தது. நிவாரணமும் வெளிநாட்டவர் வருகையும் ஏற்கெனவே திறந்திருந்த கதவை அகலத் திறந்தன. இலங்கையில், உதவியை யார் கையால் கொடுப்பது என்பதே அதிகாரப் பங்கீட்டுக் கேள்வியாகி, புதிய சண்டைக்குக் காரணமானது. பணம் இரண்டு இடத்திலும் பணம்தான். அது போய் விழுந்த அரசியல் வேறு.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அப்படி இல்லை. நான் நன்கொடை கொடுப்பதை நிறுத்தவில்லை. கொடுக்கும் முன் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது, யார் கை வழியாகப் போகிறது, மோதலில் இருக்கும் இரு தரப்பும் அந்த முடிவில் உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் கேட்கிறேன். பதில் சொல்லும் அமைப்புகள் உண்டு. கோபப்படுபவையும் உண்டு. ஒரு நாள் கலாசார விழாவுக்கு நிதி கேட்டால் தயங்குவேன். இரு தரப்பு ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சந்திக்கும் சலிப்பான பயிலரங்குக்கு என்றால் தயங்குவதில்லை.

அப்புறம் ஒரு பழக்கம். எந்த நாட்டோடு நமக்கு மனக்கசப்போ, எந்தச் சமூகத்தோடு சண்டையோ, அவர்கள் பள்ளியில் நம்மைப் பற்றி என்ன படிக்கிறார்கள் என்று தேடிப் படிப்பது. முதலில் கோபம்தான் வரும். பொய் என்று தோன்றும் பத்து வரிகளில் இரண்டு வரி உண்மையாக இருந்து தொலைக்கும். அந்த இரண்டும் நம் புத்தகத்தில் இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்வது நம் உரிமை. பல நாடுகளில் புதிய பாடத்திட்ட வரைவு வெளியாகும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அதை நீக்கு, இதை நீக்கு என்று எழுதுவதற்கு ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். விடுபட்ட அந்த இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லியும் யாராவது எழுத வேண்டும். உங்கள் ஊரில் வரைவு வந்தால், கடைசித் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.